காணாத பொருளுக்குக் காசு கொடுக்கலாமா?

 



தொழுகையைப் பற்றியும் நோன்பைப் பற்றியும் மஸ்அலா கேட்பவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. உளூ முறிந்ததா இல்லையா என்று சிறு ஐயம் வந்தாலும் ஆலிமைத் தேடி வருகின்றோம். ஆனால் ஒரு பொருளை வாங்கும்போதோ விற்கும்போதோ இந்த வியாபாரம் கூடுமா, கூடாதா என்று கேட்பவர் எத்தனை பேர்? ஃபிக்ஹு கிதாபுகள் பலவற்றில் தொழுகை, ஜகாத், நோன்பு, ஹஜ்ஜு ஆகிய பாடங்கள் முடிந்ததும் அடுத்துத் தொடங்குவது வியாபாரப் பாடமாகும். அந்த வரிசையில் ஒரு படிப்பினை இருக்கிறது. ஹஜ்ஜு முடித்துத் திரும்புகிறவர் முதலில் கால் வைக்கும் இடம் கடைத்தெருதானே!

இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டது, இன்று வீடுதோறும் நடந்து வரும் ஒரு கொடுக்கல் வாங்கல். செல்போனில் விளம்பரம் பார்த்துப் பழைய மிஷின்களையும் கருவிகளையும் வாங்குவதே அது.

பழைய பொருள் வாங்குவது இழிவன்று. வீண் செலவைத் தவிர்க்கும் நல்ல வழியாகும். அரபு நாட்டிலிருந்து திரும்பி ஊரிலேயே தொழில் தொடங்க எண்ணும் சகோதரர், புதிதாகத் தச்சு வேலைக்கோ வயரிங் வேலைக்கோ இறங்கும் இளைஞர், வீட்டிலிருந்தபடியே தைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் சகோதரி ஆகியோர் எல்லாவற்றையும் புதிதாக வாங்க முடியுமா? ட்ரில்லிங் மிஷின், கட்டிங் மிஷின், வெல்டிங் மிஷின், தையல் மிஷின் என்று பழையதாகத் தேடுகிறார்கள். நகையை அடகு வைத்தும் கைமாற்று வாங்கியும் புரட்டிய பணம் அது. அதைப் பறிகொடுத்தவர் ஒரு மிஷினை மாத்திரம் இழக்கவில்லை. அந்த மிஷினால் வரவேண்டிய பல மாதத்து ரிஜ்கையும் சேர்த்து இழக்கின்றார்.

முன்பும் பழைய பொருள் வாங்கியவர்கள் உண்டு. சென்னையில் 1985ஆம் ஆண்டு தீக்கிரையாகும் வரை மூர் மார்க்கெட் இருந்தது. வண்டிகளின் உதிரி பாகங்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. அங்கெல்லாம் ஏமாற்று அறவே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் பொருள் கண்ணெதிரே இருந்தது. விற்பவனின் முகம் தெரிந்தது. மறுநாள் போய்ச் சண்டையிடவாவது ஒரு கடை வாசல் இருந்தது. இன்றோ பொருளும் தெரியாது, ஆளும் தெரியாது, வாசலும் இல்லை. தெரிவதெல்லாம் ஒரு படமும் ஒரு எண்ணும்தாம்.

பார்க்காத பொருளும் நம் இமாம்களும்

பார்க்காத பொருளை வாங்குவது இன்றைக்கு வந்த புதுப் பிரச்சினையன்று. நம் இமாம்கள் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைத் துருவி ஆராய்ந்திருக்கின்றார்கள்.

கண்ணில் காணாத பொருளை விற்பதும் வாங்குவதும் செல்லாது என்பதே ஷாபிஈ மத்ஹபின் ஏற்றமான சொல்லாகும். அதிலே 'கரர்' இருக்கிறது என்பது காரணம். கரர் என்றால், வந்து சேருவது இன்னதென்று தெரியாத மயக்க நிலை. ஹனஃபி மத்ஹபில் அந்த வியாபாரம் கூடும். ஆனால் வாங்கியவருக்குப் பொருளைப் பார்க்கும்போது ஓர் உரிமை உண்டு. பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையேல் திருப்பிவிடலாம். முன்கூட்டியே சம்மதித்திருந்தாலும் அந்த உரிமை போகாது. இதற்குப் பார்வை உரிமை என்று பொருள்படும் 'கியாருர் ருஃயத்' என்று பெயர்.

சொல் வேறாயினும் இரு மத்ஹபுகளும் நம்மைக் கொண்டு போய் நிறுத்தும் இடம் ஒன்றுதான். பார்க்கும் வரை பேச்சு. பார்த்த பிறகே வியாபாரம். ஆகவே செல்போனில் பேசுவதை விசாரிப்பு என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். நேரில் கண்டு, தொட்டு, ஓட்டிப் பார்த்து, "வாங்கினேன்", "விற்றேன்" என்று சொல்லிப் பணத்தைக் கொடுங்கள். படத்தில் பார்த்தோமே என்பீர்களானால், படத்தில் கருகிய காயிலின் வாடை வருமா? தேய்ந்த பேரிங்கின் இரைச்சல் கேட்குமா?

நேரில் போக இயலாத தூரமென்றால், அந்த ஊரில் உள்ள உறவினரையோ நம்பிக்கையான தொழிலாளியையோ வக்கீலாக, அதாவது நம் சார்பில் செயல்படுபவராக அனுப்பிப் பார்க்கச் சொல்லலாம். மார்க்கம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. அதற்கும் வழியில்லையென்றால் அந்தப் பொருள் நமக்கு வேண்டாம் என்று விட்டுவிடுவதே மேல்.

மோசடி வரும் வழிகள்

கள்வன் எந்த வழியாக வருவான் என்று தெரிந்தால்தான் அந்த வழிக்குத் தாழ்ப்பாள் போட முடியும். ஆகவே சிலவற்றை விவரிக்கின்றோம்.

முதலாவது, முன்பணம். கடையில் பாதி விலைக்குக்கூடக் கிடைக்காத மிஷினைக் கால் விலைக்கு விளம்பரம் செய்வான். அழைத்தால், "பத்துப் பேர் கேட்கிறார்கள், அட்வான்ஸ் அனுப்பினால் உங்களுக்கென்று எடுத்து வைக்கிறேன்" என்பான். அனுப்பியதும் லாரி வாடகை என்பான். பிறகு வரி என்பான். கடைசியில் அந்த எண் அணைந்து போகும். இராணுவ வீரர் என்றும், மாற்றலாகிப் போவதால் அவசரமாக விற்கிறேன் என்றும் சொல்லி, அடையாள அட்டையின் படத்தையும் அனுப்பி ஏமாற்றுவோர் உண்டு. அட்டையின் படம் ஆளுக்குச் சாட்சியாகாது.

"பலர் கேட்கிறார்கள்" என்ற பொய்யைக் கவனியுங்கள். வாங்கும் எண்ணமில்லாத ஒருவர் விலையை ஏற்றிக் கேட்டு, உண்மையாக வாங்க வந்தவரைச் சிக்க வைப்பதற்கு 'நஜ்ஷு' என்று பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்துள்ளார்கள். அன்று அதற்கு ஓர் ஆளாவது கூட்டு வேண்டியிருந்தது. இன்று வெறும் வாய்ப்பேச்சிலேயே பத்துப் பேரை உண்டாக்கிவிடுகின்றார்கள்.

முன்பணம் பற்றிய மஸ்அலாவையும் இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். வாங்க வந்தவர் வேண்டாம் என்று போய்விட்டால் அவர் கொடுத்த முன்பணத்தை விற்பவர் விழுங்கிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையை ஹனஃபி, ஷாபிஈ, மாலிகி இமாம்கள் ஏற்கவில்லை. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் மாத்திரம் அனுமதித்துள்ளார்கள். நியாயமாக விற்கும் முஸ்லிம்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, திருடிய படம். எவரோ ஒருவருடைய மிஷினின் படத்தை எடுத்துத் தன்னுடையது என்று போடுவான். இதற்கு எளிய மருந்து உண்டு. இன்றைய தேதியை ஒரு தாளில் எழுதி, மிஷினுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வீடியோ அழைப்பில் மிஷினை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பொருள் கையில் உள்ளவர் சிரமமின்றிச் செய்வார். இல்லாதவன் கோபப்படுவான். தன்னிடம் இல்லாத பொருளை விற்க வேண்டாம் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் (ஸல்) இட்ட கட்டளையை இங்கே எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, விற்பவரைக் குறி வைக்கும் மோசடி. நம் வீட்டுச் சகோதரி தன் பழைய தையல் மிஷினை விற்க விளம்பரம் கொடுக்கிறார். ஒருவன் பேரம் பேசாமல் சம்மதிக்கிறான். "பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து இரகசிய எண்ணைப் போடுங்கள்" என்கிறான். போட்டதும் வரவேண்டிய பணம் வராது. இருந்த பணமும் போய்விடும். 2016ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் நடந்து வரும் யூபிஐ முறையில், பணம் கொடுப்பதற்குத்தான் இரகசிய எண் வேண்டும். பணம் பெறுவதற்கு எந்த எண்ணும் வேண்டியதில்லை, எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதுமில்லை. இந்த ஒரு வரியை வீட்டிலுள்ள தாய்மார்களுக்கும் முதியவர்களுக்கும் மனப்பாடம் ஆக்குங்கள். "பணம் வந்துவிட்டது" என்ற குறுஞ்செய்தியையும் அவன் அனுப்பும் ரசீதுப் படத்தையும் நம்பாமல், நம் கணக்கில் தொகை ஏறியிருப்பதை நாமே பார்த்த பிறகுதான் மிஷினை வண்டியில் ஏற்ற வேண்டும்.

நான்காவது, பார்சல். பொருள் வந்த பின் பணம் என்பது பாதுகாப்பானது போலத் தோன்றும். பெட்டியைப் பிரித்தால் உள்ளே செங்கல் இருக்கும். பிரித்துப் பார்க்கும் முன் பணம் கொடுக்க வேண்டியிருந்தால் அதுவும் காணாத பொருளுக்குக் கொடுத்த காசே.

கையில் எடுத்துப் பாருங்கள்

மதீனத்துக் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னார். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நபியவர்கள் (ஸல்), ஏமாற்றுகிறவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று அறிவித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது.

இந்த ஹதீஸை விற்பவருக்கு எச்சரிக்கையாகவே நாம் ஓதி வருகின்றோம். வாங்குகிறவருக்கும் இதில் பாடம் உண்டு. மேலே காய்ந்திருப்பதைப் பார்த்து நின்றுவிடாமல் உள்ளே கை விட்டுப் பார்ப்பது ஸுன்னத்தான முன்மாதிரியாகும். அப்படிப் பார்ப்பது விற்பவரைச் சந்தேகித்து அவமதிப்பதாகாது.

மிஷினுக்குள் கை விட்டுப் பார்ப்பது எப்படி? தொழில் தெரிந்தவர்கள் சொல்லும் சிலவற்றைத் தருகின்றோம்.

கரண்டில் ஓடும் கை மிஷின்கள் பெரும்பாலானவற்றில் கார்பன் பிரஷ் இருக்கும். ஓடும்போது காற்றுத் துவாரத்தின் வழியே சிறு பொறிகள் தெரிவது இயல்பு. பெரும் பொறிகள் நெருப்பு வளையம் போலச் சுற்றினால் ஆர்மேச்சரில் கோளாறு இருக்கலாம். சும்மா ஓடவிட்டுப் பார்த்தால் போதாது. மரத்திலோ சுவரிலோ துளை போட்டுப் பார்க்க வேண்டும். பளு ஏறும்போதுதான் நோய் வெளிப்படும். கருகிய வாடை வந்தால் காயில் சூடேறுகிறது என்று பொருள். சக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கும். வயரில் ஒட்டு இருக்கிறதா, கிரைண்டிங் மிஷினுக்குத் தகட்டுக் காப்பு இருக்கிறதா என்று பாருங்கள். காப்பில்லாத மிஷினில் வட்டு உடைந்து பறந்தால் கண்ணும் போகும், உயிரும் போகும். பாட்டரி மிஷினென்றால் பாட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கேட்டறிய வேண்டும். பழைய பாட்டரியை மாற்றும் செலவு சில சமயம் மிஷின் விலையையே எட்டிவிடும்.

பேர்போன கம்பெனியின் பெயரைப் போட்ட போலிகளும் உலவுகின்றன. பெயரின் எழுத்தில் பிழை, மங்கிய அச்சு, கைக்கு மிக இலேசான எடை ஆகியவை கண்டால் விலகிவிடுங்கள். பகல் நேரத்தில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். வாங்கியதும் தேதி, விலை, மிஷினின் எண், இருவர் பெயர், கையொப்பம் ஆகியவற்றுடன் ஒரு சீட்டு எழுதிக்கொள்ளுங்கள். திருமறையின் மிக நீண்ட வசனமாகிய அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கும்படியும் வியாபாரத்திற்குச் சாட்சி வைக்கும்படியும் கற்பிக்கின்றது.

"எல்லாம் தக்தீர், அல்லாஹ்வின் மேல் பாரத்தைப் போட்டு வாங்கினேன்" என்று சிலர் சொல்வர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி ஒருவருக்கு நபியவர்கள் (ஸல்) சொல்லிக் கொடுத்ததே தவக்குலின் இலக்கணம். கயிற்றை வீட்டில் வைத்துவிட்டு வருவது தவக்குல் ஆகாது.

எண் சுரண்டப்பட்ட மிஷின்

மிஷினின் உடம்பில் அதன் வரிசை எண் பொறித்த தகடோ சீட்டோ இருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால், கேட்ட விலை பாதியாக இருந்தாலும் வாங்காதீர்கள். ஏதோ கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒரு தொழிலாளி அழுதுகொண்டிருக்கக்கூடும். அவருடைய கண்ணீரை மலிவு விலைக்கு வாங்கி நம் வீட்டில் வைக்கலாமா?

திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது ஹராம். தெரியாமல் வாங்கிய பின் உரியவர் அடையாளம் காட்டி நிரூபித்தால், பொருள் அவருக்கே சொந்தம். நாம் கொடுத்த விலையை விற்றவனிடம்தான் கேட்க வேண்டும். உரியவர் தெரியவில்லையென்றால் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதே பேணுதல். நாட்டுச் சட்டமும் இதில் கண்டிப்பானது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு திருட்டுப் பொருளை அறிந்தே வாங்குவதைத் தண்டிக்கிறது. 318ஆம் பிரிவு மோசடியைத் தண்டிக்கிறது. ஐயமானதை விட்டு ஐயமற்றதன் பால் செல்லும்படி நபியவர்கள் (ஸல்) தம் பேரர் ஹஸன் (ரலி) அவர்களுக்குக் கற்பித்த பாடம் நம் பிள்ளைகளுக்கும் உரியதாகும்.

ஏமாந்துவிட்டால்

ஏமாந்தவரைப் பார்த்து, "உனக்குப் பேராசை" என்று நகைப்பவர்கள் உண்டு. இது பெரும் தவறு. பெருமானாரின் காலத்திலும் வியாபாரத்தில் அடிக்கடி ஏமாறும் தோழர் ஒருவர் இருந்தார். ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்று அவர் பெயரைக் குறிப்பிடுவர். அவரை நபியவர்கள் (ஸல்) பரிகசிக்கவில்லை. ஏமாற்று இருக்கலாகாது என்று வாங்கும்போதே முன்கூட்டிச் சொல்லிவிடும்படி வழி காட்டினார்கள். மூன்று நாள் தவணை உரிமையும் அவருக்குக் கிடைத்ததாக அறிவிப்புகளில் வருகிறது. நாமும் வாங்கும்போது, "மூன்று நாள் ஓட்டிப் பார்ப்பேன், கோளாறு இருந்தால் திருப்புவேன்" என்று பேசி எழுதிக்கொள்ளலாம்.

பணம் பறிபோனது தெரிந்த உடனே, வெட்கப்பட்டு மறைக்காமல், 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். சைபர் மோசடிக்கென்று அரசு வைத்திருக்கும் எண் அது. வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். மோசடிக்காரன் பணத்தை எடுத்துவிடும் முன் அதை நிறுத்திவைக்க வழியுண்டு. அதனால் ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியுள்ளது. பேசிய எண், அனுப்பிய செய்தி, பணம் அனுப்பிய ரசீதின் எண் எதையும் அழிக்காதீர்கள். "இழந்ததை மீட்டுத் தருகிறோம், கட்டணம் செலுத்துங்கள்" என்று பின்னாலேயே இன்னொருவன் வருவான். அவனும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவனே.

விற்றவர் தெரிந்த ஆளாக இருந்து, மறைந்திருந்த ஐபு பிறகு தெரியவந்தால், பொருளைத் திருப்பிக் கொடுத்து விலையைப் பெறும் உரிமை ஷரீஅத்தில் உண்டு. ஆனால் ஐபு தெரிந்த பின்னும் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தால் அந்த உரிமை போய்விடும். ஆகவே கண்டதும் நிறுத்திவிட்டு உடனே தெரிவிக்க வேண்டும்.

ஏமாந்தவர் ஏமாற்றலாமா?

சகோதரர்களே! இதுவரை சொன்னதெல்லாம் பணத்தைக் காக்கும் வழி. ஈமானைக் காக்கும் இடம் இனிமேல்தான் வருகிறது.

ஒருவர் நாலாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு மிஷின் வாங்கினார் என்று வையுங்கள். பத்து நாளில் அதன் காயில் கருகும் வாடை வருகிறது. விற்றவன் போன எடுக்கவில்லை. வீட்டில் அடகு வைத்த நகை. மனம் குமுறுகிறது. அப்போது ஷைத்தான் மெதுவாக வந்து, "நன்றாகத் துடைத்துப் பெயிண்ட் அடி; இரண்டு நிமிடம் ஓட்டிக் காட்டினால் எதுவும் தெரியாது; நீயும் விளம்பரம் போடு; உன்னை ஏமாற்றினார்களே, அதைத்தானே நீ திருப்பிக் கேட்கிறாய்?" என்கிறான். அதுவரை மள்லூமாக, அநீதி இழைக்கப்பட்டவராக இருந்தவர், ஒரே விளம்பரத்தில் ளாலிமாக, அநீதி இழைத்தவராக ஆகிவிடுகிறார். திருடியவன் எங்கோ இருக்கிறான். நஷ்டத்தைக் கட்டுகிறவரோ எந்தக் குற்றமும் செய்யாத இன்னொரு தொழிலாளி. நம்மை ஏமாற்றியவன் மீது நமக்கு ஹக்கு உண்டு. மூன்றாமவர் மீது நமக்கு என்ன ஹக்கு இருக்கிறது?

வாதிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்களின் வரலாற்றைக் கேளுங்கள். ஒருவர் முன்னூறு திர்ஹத்திற்கு ஒட்டகம் வாங்கிக்கொண்டு போனார். அங்கே நின்றிருந்த வாதிலா (ரலி) அவர்கள் அவரைக் கூவி அழைத்து, இறைச்சிக்கா, சவாரிக்கா என்று விசாரித்தார்கள். சவாரிக்கு என்றதும், அதன் காலில் உள்ள குறையைச் சொன்னார்கள். வாங்கியவர் திரும்பி வந்து முறையிட, விலையில் நூறு திர்ஹம் குறைந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்தீரே என்று விற்றவர் நொந்துகொண்டார். குறையை விளக்காமல் விற்பது ஆகுமானதன்று, அதை அறிந்தவர் சொல்லாமலிருப்பதும் ஆகுமானதன்று என்று நபியவர்களிடமிருந்து (ஸல்) தாம் கேட்டதை வாதிலா (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். விற்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. வழியில் நின்ற ஒருவர்! அவருக்கே அவ்வளவு கடமையென்றால் விற்கிறவருக்கு எவ்வளவு?

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி. குறையுள்ள ஒரு துணியைக் குறை சொல்லி விற்கும்படி தம் கூட்டாளியிடம் கொடுத்தார்கள். அவர் சொல்ல மறந்து விற்றுவிட்டார்; வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அந்தச் சரக்கின் விலை முழுவதையும் இமாமவர்கள் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். மறதிக்கே அந்தப் பேணுதல்!

"உள்ளது உள்ளபடி, பிறகு கேட்கக்கூடாது" என்று சொல்லி விற்றால் போதாதா என்று சிலர் கேட்பர். அந்த நிபந்தனையின் சட்ட விவரங்களில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. ஆனால் தெரிந்த ஐபை மறைப்பது பாவம் என்பதில் வேறுபாடே இல்லை. ஆகவே அந்தச் சகோதரர் செய்ய வேண்டியது, "காயில் கருகுகிறது, உதிரி பாகத்துக்குத்தான் ஆகும்" என்று எழுதி விற்பதே. நாலாயிரத்திற்கு எண்ணூறு கிடைக்கலாம். அந்த எண்ணூறு ஹலால். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை விளக்கினால் வியாபாரத்தில் பரக்கத்து உண்டு; மறைத்தால் பரக்கத்து அழிந்துவிடும் என்பது நபிமொழியின் கருத்து. மீதி மூவாயிரத்து இருநூறு வீண்போகவில்லை. கியாமத்து நாளில் கேட்டு வாங்க வேண்டிய கணக்கில் அது இருக்கிறது. அந்த மன்றத்தில் எண்ணை அணைத்துவிட்டு ஓட எவனுக்கும் வழியில்லை.

மஹல்லா ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். தொழில் தெரிந்த இரண்டொருவரை அடையாளம் கண்டு, பழைய மிஷின் வாங்கப் போகிறவருக்குத் துணையாக அனுப்புங்கள். ஏமாந்து நிற்கும் ஏழைத் தொழிலாளிக்குக் கர்ழே ஹஸனாவாக, வட்டியில்லாக் கடனாக ஒரு மிஷின் வாங்கிக் கொடுங்கள். அவர் வீட்டு அடுப்பு எரிந்தால், ஷைத்தானின் அந்தப் பேச்சுக்கு அவர் காது கொடுக்கத் தேவையிராது.

யா அல்லாஹ்! எங்கள் கைகளின் உழைப்பில் பரக்கத்துச் செய்வாயாக! பிறர் எங்களை ஏமாற்றுவதை விட்டும், நாங்கள் பிறரை ஏமாற்றுவதை விட்டும் எங்களைக் காத்தருள்வாயாக! இழந்தவர்களுக்கு அதைவிடச் சிறந்ததைப் பகரமாகத் தருவாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்!